மைனஸ் 19 டிகிரியில் ஓடிய ஜெனரேட்டர்: டீசல் உறையாமல் காத்த கதை

மைனஸ் 19 டிகிரிக் குளிரில் மின்தடை வந்தது. ஜெனரேட்டர் முடுக்கியதுமே பிடித்துக்கொண்டு, மின்சாரம் திரும்பும்வரை சுமையோடு தடையின்றி ஓடியது. முந்தைய குளிர்காலத்தில் இதே இயந்திரம் மைனஸ் 12-ஐத் தொட்டாலே நடுவில் மூச்சு நின்றுவிடும். இடையில் எதையெல்லாம் மாற்றினேன், எது கைகொடுத்தது, எது வீண் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டு சிலிண்டர், நீரால் குளிரும் வகை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்ச பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப். அடிச்சட்டத்தோடு சேர்ந்த 60 லிட்டர் இரும்புத் தொட்டி. தொட்டியிலிருந்து வரும் டீசல் முதலில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த நீர்பிரிப்பானுக்குப் போகிறது. அங்கிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் டயாஃபிரம் பம்ப், அடுத்து 10 மைக்ரான் ஃபில்டர், கடைசியில் இன்ஜெக்ஷன் பம்ப். கொட்டகைக்குள் நிற்கிறது, ஆனால் கொட்டகைக்கு வெப்பமூட்டும் வசதி கிடையாது.

கோளாறு எப்போதும் ஒரே மாதிரிதான் வந்தது. இயந்திரம் பிடிக்கும், சில நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு சுற்று வேகம் மெல்ல இறங்கும், சுமையைக் கழற்றினால் சற்றுத் தேறும், கடைசியில் அணைந்துவிடும். அரை மணி நேரம் விட்டால் மறுபடி பிடிக்கும். குளிரில் பிடிக்காத இயந்திரம் என்றால் எல்லாரும் முதலில் எஞ்சினைச் சூடாக்கத்தான் சொல்வார்கள். நானும் குளிர்விப்பு நீரைச் சூடாக்கும் ஹீட்டரைத்தான் முதலில் பொருத்தினேன். அதன் பிறகு இயந்திரம் கோடைக்காலம்போல் சொகுசாகப் பிடித்தது. பிடித்து, அதே சில நிமிடத்தில் அணைந்தது. அந்த ஹீட்டர் எஞ்சின் உடலைத்தான் சூடாக்குகிறது. டீசல் வரும் பாதையில் ஓர் அங்குலத்தைக்கூட அது தொடுவதில்லை. நல்ல கருவிதான், பாட்டரிக்கும் உதவிதான். ஆனால் என் நோய்க்கு மருந்து அதுவல்ல.

அணைந்தவுடன் ஃபில்டரின் வெளிவாய்க் குழாயைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. உள்வாயைத் தளர்த்தினால் டீசல் பீறிட்டது. அடைப்பு ஃபில்டரில்தான் என்பது உறுதி. பழைய ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை விரித்துப் பார்த்தபோது, மடிப்புக்கு மடிப்பு வெள்ளையாக ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினேன். விரல் சூட்டில் அது இளகி எண்ணெய்ப் பிசுக்காகிவிட்டது. மெழுகு. டீசலில் இயல்பாகவே கரைந்திருக்கும் பாரஃபின்தான் இது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். தண்ணீர் உறைந்து அடைத்தாலும் அறிகுறி அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். பனிக்கட்டியாக இருந்தால் கடினமாகப் பொடிந்து, பிறகு டீசலுக்கு அடியில் தனிச் சொட்டாக உருண்டு நிற்கும். மெழுகு அப்படி நிற்காது, டீசலோடு கலந்துவிடும். என் ஃபில்டரில் மெழுகு. நீர்பிரிப்பானின் கிண்ணத்திலோ ஒரு தேக்கரண்டி அளவு பனிக்கட்டி. இரண்டும் ஒரே இயந்திரத்தில். கிண்ணத்தின் அடித்திருகு உறைந்து திறக்க மறுத்ததற்கும் அந்தப் பனிக்கட்டிதான் காரணம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றித் திறந்தேன். நெருப்பு காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சில நிமிடம் ஓடிய பிறகே ஏன் நிற்கிறது என்பது வெகுநாள் விளங்கவில்லை. வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் ஒன்றை ஃபில்டர் மேல் ஒட்டிப் பார்த்ததும் தெரிந்தது. கொட்டகைக்குள் காற்று அசையாமல் இருக்கும்போது ஃபில்டர் வெளிக்குளிரைவிட ஆறேழு டிகிரி மேலேயே இருக்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ரேடியேட்டர் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று வரும் வழியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பது ஃபில்டர். ஆக, இயந்திரம் ஓட ஓட ஃபில்டர் குளிர்கிறது! ஒரு தகரத் தட்டை வளைத்துக் காற்றுத் தடுப்பாக வைத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் மலிவான முன்னேற்றம். அதனால் மட்டும் நான்கு டிகிரி கிடைத்தது.

அடுத்து, தொட்டியில் இருக்கும் டீசல் உண்மையில் எந்த வெப்பநிலையில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு மூன்று அளவுகள் உண்டு. மெழுகுப் படிகங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது கலங்கல் நிலை. நிர்ணயிக்கப்பட்ட சோதனையில் 45 மைக்ரான் கம்பிவலை வழியாக 20 மில்லி டீசல் 60 விநாடிக்குள் ஏறாமல் போகும் வெப்பநிலை சி.எஃப்.பி.பி. எனப்படும் ஃபில்டர் அடைப்பு நிலை. அதற்கும் கீழே, பாத்திரத்தைச் சாய்த்தாலும் டீசல் அசைய மறுக்கும் கட்டம். இந்த மூன்றாவதைத்தான் ‘டீசல் உறைந்துவிட்டது’ என்று பேசுகிறோம். இயந்திரம் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. தொட்டியில் டீசல் தளும்பிக்கொண்டிருக்கும், ஃபில்டர் செத்துக் கிடக்கும்.

உணவுக்குப் பயன்படாத பழைய ஃப்ரீசர் ஒன்று கொட்டகையில் இருந்தது. 200 மில்லி டீசல் வீதம் மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றினேன். ஒன்றில் வெறும் டீசல். ஒன்றில் குளிர்காலச் சேர்மானம் (குளிரில் ஃபில்டர் அடைக்காமலிருக்க டீசலில் கலக்கும் திரவம்), அறை வெப்பத்திலேயே கலந்தது. மூன்றாவதில் அதே சேர்மானம், ஆனால் டீசல் கலங்கிய பிறகு ஊற்றியது. நான்காவதில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய். சேர்மானப் புட்டியில் 500-க்கு 1 என்று போட்டிருந்தது. 200 மில்லிக்கு 0.4 மில்லி. 1 மில்லி சிரிஞ்சு இல்லாமல் இதை அளக்கவே முடியாது. கண்மதிப்பில் ஊற்றினால் சோதனைக்கே அர்த்தமில்லை.

வெறும் டீசல் மைனஸ் 6 அளவில் கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கியது. புட்டிக்குப் பின்னால் வைத்திருந்த எழுத்துகள் முதலில் ஓரம் கலைந்தன, பிறகு மறைந்தன. மைனஸ் 13-இல் சாய்த்தால் கூழாக நகர்ந்தது. சேர்மானம் கலந்த புட்டியைப் பார்த்து முதலில் ஏமாந்துபோனேன்: அதுவும் கிட்டத்தட்ட அதே மைனஸ் 6-இல்தான் மங்கியது. புட்டியை மைனஸ் 18 வரை விட்ட பிறகே வித்தியாசம் தெரிந்தது. மங்கலாக இருந்தாலும் தண்ணீர்போல் ஓடியது. இவ்வகைச் சேர்மானங்கள் மெழுகு உருவாவதைத் தடுப்பதில்லை. படிகங்கள் பெரிய தகடுகளாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல், சிறுசிறு துகள்களாகவே நிற்கச் செய்கின்றன. கலங்கல் நிலை மாறாது, ஃபில்டர் அடைப்பு நிலை கீழிறங்கும்.

மூன்றாவது புட்டியில், கலங்கிய பிறகு சேர்த்த சேர்மானம் ஒன்றுமே செய்யவில்லை. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட படிகத்தை அது என்ன செய்ய முடியும்? டீசல் நன்றாகச் சூடாக இருக்கும்போதே, கலங்கல் நிலைக்குப் பல டிகிரி மேலேயே, கலந்தாக வேண்டும். குளிர் அலை வரும் என்று அறிவிப்பு வந்த பிறகு குப்பியைத் தேடி ஓடுவது பெரும்பாலும் காலங்கடந்த வேலை. உறைந்ததை இளக்குவதற்கென்றே விற்கும் திரவங்கள் வேறு இனம். அவற்றையும் இவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மண்ணெண்ணெய்ப் புட்டி மங்கியது மைனஸ் 9 பக்கம். பத்து சதவீத மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டிகிரி என்று சொல்லப்படும் கணக்கோடு ஒத்துவந்தது. கலங்கல் நிலையையே கீழே தள்ளுவது இந்த நான்கில் இது ஒன்றுதான். இருந்தும் தொட்டியில் ஊற்றவில்லை. என் இன்ஜெக்ஷன் பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகு டீசல்தான், வேறு எண்ணெய் கிடையாது; மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு குறைவு. பல நாடுகளில் வரி குறைந்த மண்ணெண்ணெயை எஞ்சின் எரிபொருளில் கலப்பது சட்டப்படி குற்றமும்கூட. பெட்ரோல் கலக்கும் பழைய வைத்தியம் இன்னும் மோசம்: தீப்பற்றும் வெப்பநிலை தடாலென்று விழுந்துவிடும்.

மங்குவதைப் பார்ப்பது எளிது, ஃபில்டரில் போகுமா என்று பார்ப்பதுதான் கடினம். பழைய ஃபில்டர் காகிதத்தைத் துண்டு வெட்டிப் புனலில் பொருத்தி, குளிர்ந்த டீசலை ஊற்றினேன். வெறும் டீசல்கூட இறங்கிவிட்டது! புனல் அறைச் சூட்டில் இருந்ததால், மெழுகு காகிதத்தைத் தொடும் முன்பே இளகியிருக்கிறது. புனல், காகிதம், கீழே பிடிக்கும் கோப்பை எல்லாவற்றையும் ஃப்ரீசருக்குள் ஓர் இரவு வைத்து, ஊற்றுவதையும் ஃப்ரீசருக்குள்ளேயே செய்தபோதுதான் பொய் சொல்லாத விடை வந்தது. வெறும் டீசல் நின்றுவிட்டது, சேர்மான டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இதை வைத்து யாரும் சான்றிதழ் எழுத முடியாது, எதை ஊற்றக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். சேர்மானப் புட்டியை ஆட்டாமல் ஃப்ரீசரில் விட்டுவைத்திருந்தேன். மேல்பாதி தெளிந்துவிட்டது, அடியில் வெள்ளையாக ஒரு படலம். சிறு துகள்களானதால் அவை மெல்ல மெல்ல அடியில் இறங்கிவிடுகின்றன. தினமும் ஓடும் வண்டியின் தொட்டியில் இது பெரிய விஷயமில்லை. டீசல் குலுங்கிக்கொண்டே இருக்கும், தீர்ந்து புதிதும் வரும். ஜெனரேட்டரோ வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும், டீசலை உறிஞ்சும் குழாயோ தொட்டியின் அடியில் இருக்கிறது. அதாவது இயந்திரத்தை முடுக்கியதும் முதலில் உள்ளே போவது அந்த மெழுகுப் படலம். சேர்மானத்தை மட்டும் நம்பலாம் என்ற எண்ணத்தை இந்தப் புட்டியைப் பார்த்ததும் கைவிட்டேன்.

பிறகு ஃபில்டருக்கு ஹீட்டர். எஞ்சினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் சூடான டீசலை ஃபில்டருக்குத் திருப்பிவிடலாமே என்று முதலில் யோசித்தேன். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயில் உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களில் திரும்பிவரும் டீசல் நிறைய, நல்ல சூடும் இருக்கும். அங்கே இது அருமையான ஏற்பாடு. என் பழைய எஞ்சினிலோ இன்ஜெக்டர்களில் கசிந்து திரும்புவது துளித்துளியாகத்தான். ஒரு குப்பியில் பிடித்துப் பார்த்துவிட்டு அந்தத் திட்டத்தை மூடினேன்.

ஃபில்டர் தலைக்கும் ஃபில்டருக்கும் இடையில் பொருந்தும் 12 வோல்ட், 150 வாட் தட்டு ஹீட்டர் வாங்கினேன். 5 டிகிரிக்குக் கீழே தானே இணைந்து, 15 தாண்டினால் விட்டுவிடும் தெர்மோஸ்டாட் அதற்குள்ளேயே இருந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. ரிலே, ஃபியூஸ், ஒயர், குழாய் உறை எல்லாம் கூட்டினாலும் இதில் பாதி வராது. 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். 20 ஆம்பியர் ஃபியூஸ், 30 ஆம்பியர் ரிலே போட்டேன். ஒயரில் சிக்கனம் பார்த்து 2.5 சதுர மில்லிமீட்டர் இழுத்திருந்தேன். போகவர 6 மீட்டர் நீளத்தில் அரை வோல்ட் காணாமல் போனது. 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்டாகக் குறைந்தது. ஒயர் இணைப்புகளில் வெப்பத்தால் சுருங்கும், உட்பசை உள்ள உறை போட்டேன்.

தெர்மோகப்பிளை மறுபடி ஒட்டி அளந்தேன். மைனஸ் 15-லிருந்து பிளஸ் 7-க்கு ஏறப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆனது. அந்த நேரத்தில் பாட்டரியிலிருந்து போவது இரண்டு ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். கோடையில் இது ஒரு பொருட்டே இல்லை. மைனஸ் 18 பக்கம் லெட் ஆசிட் பாட்டரியின் முடுக்கும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் சிறு சார்ஜர் ஒன்று பாட்டரியோடு இணைந்தே இருக்கும்படி செய்தேன்.

ஹீட்டர் போட்டு மைனஸ் 14-இல் ஓட்டினேன். மறுபடி நின்றது.

ஃபில்டர் சூடாக இருந்தது, வெளிவாயிலும் டீசல் இல்லை, இம்முறை உள்வாயிலும் இல்லை. தொட்டிக்கும் டயாஃபிரம் பம்ப்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை வைத்தபோது, பம்ப் இழுக்க இழுக்கக் குழாய் உள்வாங்கிச் சப்பையாவது தெரிந்தது. அடைப்பு தொட்டிக்குள். உறிஞ்சுகுழாயை வெளியே எடுத்தால், நுனியில் நெருக்கமான கம்பிவலை. அதன்மேல் தடித்த வெள்ளைத் தொப்பி. சூடான ஃபில்டர் வரைக்கும் டீசல் வந்து சேர்ந்தால்தானே!

ஆகவே கடைசியில் தொட்டியில் இருந்த டீசலையே மாற்ற வேண்டியதாயிற்று. யோசித்தால் மூலக்காரணமும் அதுதான். வண்டிகள் பருவத்துக்குப் பருவம் நிலையத்திலிருந்து புது டீசல் குடித்துக்கொள்கின்றன. ஐரோப்பாவின் இ.என். 590 என்ற டீசல் தரத்தில் மிதவெப்பப் பகுதிகளுக்கு ஏ முதல் எஃப் வரை ஆறு வகை: ஃபில்டர் அடைப்பு நிலை பிளஸ் 5-லிருந்து மைனஸ் 20 வரை. ஆர்க்டிக் வகைகள் மைனஸ் 44 வரை போகும். அந்தந்தப் பருவத்துக்கு எந்த வகை என்று அந்தந்த நாடு முடிவு செய்கிறது. ஜெனரேட்டரின் தொட்டியை வெயில் காலத்தில் நிரப்பினால், பனியிலும் அதே வெயில்கால டீசல்தான் உள்ளே இருக்கும்.

குளிர் தணிந்த ஒரு நாளில் தொட்டியைக் காலி செய்தேன். அடித்திருகைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர், அடுத்து கறுப்பான வழவழப்பான கசடு, அதன் பிறகே டீசல். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்த கசடு அது. குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் எப்படியும் ஒருநாள் ஃபில்டரை அடைத்திருக்கும். தொட்டியைக் கழுவித் துடைத்தேன். உறிஞ்சுகுழாயின் நெருக்கமான வலைக்குப் பதில் 1 மில்லிமீட்டர் கண் உள்ள வலை போட்டேன். நுண்ணிய வேலைக்கு நீர்பிரிப்பானும் ஃபில்டரும் இருக்கின்றன. தொட்டிக்குள் இலை தழை புகாமல் தடுத்தால் போதும். குழாயின் நுனியை அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் உயர்த்தினேன். சில லிட்டர் டீசல் பயன்படாமல் கிடக்கும், கிடக்கட்டும்.

புது டீசலுக்கு விநியோகச் சீட்டில் ஃபில்டர் அடைப்பு நிலை மைனஸ் 24 என்று இருந்தது. அதில் பயோடீசல் எவ்வளவு கலந்திருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டேன். பயோடீசல் பொதுவாகச் சாதாரண டீசலைவிட முன்னதாகவே மங்கும், பாமாயிலில் செய்தது இன்னும் முன்னதாக. சேர்மானத்தைத் தொட்டியில் முதலில் ஊற்றி, அதன்மேல் டீசலை நிரப்பினேன், தானாகக் கலந்துவிடும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பியது ஈரக்காற்றுக்கு இடம் விடாமலிருக்க. காலியிடம் இருந்தால் இரவுதோறும் வியர்த்துத் தண்ணீர் சேரும்.

புது ஃபில்டரை டீசல் நிரப்பாமலே மாட்டினேன். வெளியிலிருந்து நடுத்துளையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமல் நேரே பம்ப்புக்குப் போய்விடும். கைப்பம்பால் நிரப்பி, ஃபில்டர் தலையின் காற்றுத்திருகில் குமிழி நிற்கும்வரை அழுத்தி, பிறகு இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகு. பொறுமை கொஞ்சம் தேவை. இயந்திரம் பிடித்த பின் கால் மணி நேரமாவது ஓடவிட்டேன். அப்போதுதான் புது டீசல் கடைசிக் குழாய் வரை போய், பழையது எங்கும் தங்காமலிருக்கும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் மைனஸ் 19. மின்சாரம் போனதும் ஹீட்டரை எட்டு நிமிடம் போட்டுவைத்து, அப்புறம் முடுக்கினேன். ஓடும்போது ஃபில்டர் மேல் அளவு 9-க்கும் 15-க்கும் நடுவே நின்றது.

மறுபடி செய்வதானால் டீசலை மாற்றுவதிலிருந்து தொடங்குவேன், ஹீட்டர் கடைசிதான். 150 வாட்டும் அதிகம். என் எஞ்சின் மணிக்கு மூன்று லிட்டர் குடிக்கிறது. அந்த டீசலை 30 டிகிரி உயர்த்த 40 வாட்டுக்குச் சற்று மேல் இருந்தால் கணக்குப்படி போதும். மிச்சமெல்லாம் முன்சூட்டை விரைவாக்கத்தான். மின்சாரம் இருக்கும்போதே ஃபில்டரை மிதமாகச் சூடு காக்கும் ஒரு சிறு பட்டையைச் சுற்றிவிட்டால், 12 வோல்ட் பக்கம் 60 வாட்டே தாராளம். நீர்பிரிப்பானின் கண்ணாடிக் கிண்ணத்துக்குச் சூடு இன்னும் இல்லை; அதுவரை குளிர் இறுகுவதற்கு முன்பே அடித்திருகைத் திறந்து வடித்துவிடுகிறேன்.

வடித்தெடுத்த பழைய டீசலைத் தண்ணீர் தெளிய விட்டு, மேலாக எடுத்து, வடிகட்டி, பிளாஸ்டிக் கேன்களில் ‘வெயில்காலம் மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பனி விலகியதும் மாதாந்திரச் சோதனை ஓட்டங்களுக்கு அதுதான் போகும். அடுத்த குளிருக்கு முன் தொட்டியில் அது ஒரு சொட்டும் மிஞ்சாதபடி தீர்க்க வேண்டும்.